மீன் வீட்டு மண்

மகனே,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப்போவதில்லை. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நிச்சயதார்த்தத்தன்று வடையைக் கையில் வைத்துக்கொண்டு நீ வயிறு குலுங்கச் சிரித்ததை நான் எதிர்க் கதிரையில் இருந்து பார்த்தேன். உன் வருங்கால மாமனார் குணரத்தினம் சபை நடுவில் எழுந்து நின்று, "தம்பி, உம்மட அப்பாவைச் சாதாரண ஆள் எண்டு நினையாதையும். ரோம்காரர் கட்டி வைச்ச வீட்டை ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறியாலை எரிச்ச மனுசன்!" என்றார். மண்டபமே சிரித்தது. நீயும் சிரித்தாய். உன் அம்மாகூட வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மணப்பெண் வாசுகி மட்டும் சிரிக்கவில்லை. வெறும் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய்.

பொலோஞ்ஞாவுக்குத் திரும்பிப்போன பிறகு நீ தொலைபேசி எடுத்தாய். "அப்பா, இந்தக் கால் கழுவிற சடங்கை விடுவம். இந்தக் காலத்திலை ஆர் ஆற்றை காலைக் கழுவுகினம்? வாசுகிக்குத் தம்பியும் இல்லை" என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். நாதஸ்வரத்துக்குப் பதிலாகக் கசெற் போடு, சரி. சாப்பாட்டில் உன் தொழிற்சாலை நண்பர்களுக்காகப் பாஸ்தா வை, சரி. தலைப்பாகை தலையிடி என்றால் அதையும் கழற்றி எறி. கால் கழுவுவதை மட்டும் நான் விடமாட்டேன். நீ மண்டப வாசலில் வந்து நிற்கவேண்டும். உன் காலில் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைக்கவேண்டும். பெண்ணின் சகோதரன் செய்யவேண்டிய வேலை அது, அதற்குத்தான் மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவது. வாசுகிக்குச் சகோதரன் இல்லாதபடியால் பக்கத்து ஊர் பகேரியாவிலிருந்து தம்பி முறையான ஒரு பொடியனைப் பிடித்து வருவதாகக் குணரத்தினம் சொல்லியிருக்கிறாராம். அந்தப் பொடியன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். குணரத்தினம்தான் கழுவவேண்டும். நான் ஐயரிடம் கேட்டுவிட்டேன். "ஓம், தகப்பன் கழுவினால் ஒரு குறையும் இல்லை. கன்னிகாதானம் செய்யிற கைதானே" என்றார்.

ஏன் என்று நீ கேட்பாய். கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். உனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்ன பகிடி. நடந்தது வேறு. இதில் மறைக்க எதுவுமில்லை. அம்மா வாசித்துவிட்டாள், வாசுகியிடமும் காட்டு. கலியாணம் முடிந்ததும் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டினாலும் எனக்குச் சம்மதம். கலியாணத்துக்கு முதல் குணரத்தினத்தின் கண்ணில் மட்டும் படக்கூடாது.

அது நீயும் அம்மாவும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்த காலம். உனக்குப் பதினாறு வயது. நான் பலெர்மோவில் வேலைக்கு நின்ற வீட்டுச் சிஞ்ஞோராவின் நடக்கமாட்டாத தகப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். இங்கே தங்குவதற்கான பெர்மெஸ்ஸோ கைக்கு வந்துவிட்டது. உங்கள் இரண்டு பேரையும் இங்கே எடுப்பதற்கான விண்ணப்பமும் கொடுத்தாயிற்று. இனிக் கையெழுத்துத்தான் பாக்கி என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். நான் உனக்குக் கட்டில்கூட வாங்கிவிட்டேன். ஒரேத்தோப் பக்கம் நாங்கள் பிறகு இருந்த அறையில் நீ படுத்த கட்டில் அதுதான்.

ஈஸ்டருக்கு அடுத்த நாள் பலெர்மோவில் ஒரு சிஞ்ஞோராவும் வீட்டில் அடுப்பு மூட்டமாட்டாள் என்று உனக்குத் தெரியும். சனமெல்லாம் இறைச்சியும் கரியும் காரில் ஏற்றிக்கொண்டு நாட்டுப்புறம் போய்விடும். அவர்களுக்கு விடுமுறை என்றால் எங்களுக்கும் விடுமுறை. வழக்கமாக நாங்கள் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்குத்தான் போவோம். அந்த வருடம் குணரத்தினம், "ஒவ்வொரு வரியமும் கடல்தானோ? ரோம்காரற்றை அரண்மனை ஒண்டு காட்டுறன் வாங்கோ" என்று சொல்லி ஒரு பஸ் பிடித்தார். அவர் சொன்னால் போகாமல் இருக்க முடியாது. எங்கள் எல்லோருக்கும் முதல் இத்தாலிக்கு வந்தவர். ஆஸ்பத்திரி, பொலிஸ், பள்ளிக்கூடம், வீட்டுக்காரன், எங்கே போனாலும் அவர் வந்துதான் எங்களுக்காகக் கதைக்கவேண்டும். நாங்கள் ஒன்று சொல்வோம், அவர் ஒன்று சொல்வார், அவர்கள் ஒன்று சொல்வார்கள், அவர் எங்களுக்கு வேறொன்று சொல்வார். சரியா பிழையா என்று பார்க்க எங்களில் எவருக்கும் மொழி தெரியாது. மகனே, நீ எந்த நாட்டுக்குப் போனாலும் போய் இறங்கிய முதல் வருடமே அந்த நாட்டு மொழியைப் படித்துவிடு. சாப்பாட்டைக்கூட இரவலாகக் கேட்கலாம், வாயை இரவலாக வாங்கக்கூடாது.

பகேரியா தாண்டி, தார் றோட்டு முடிகிற இடத்தில் பஸ் நின்றது. முதல் நாள் மழை. ஒலிவ் தோட்டத்துக்குள்ளால் சிவப்புச் சேற்றில் நடந்தோம். செருப்பு ஒவ்வொன்றும் இறாத்தல் கணக்கில் பாரமாகிவிட்டது. அரண்மனை என்று பார்த்தால் முழங்கால் உயரத்துக்குச் சுவர்கள், முறிந்து கிடந்த இரண்டு தூண்கள், ஒரு மூலையில் கறள் பிடித்த தகரக் கூரை. "அரண்மனை எங்கை?" என்று பிள்ளைகள் அழத் தொடங்கிவிட்டார்கள். பெண்கள் ரோம்காரரின் சுவரில் வரிசையாக இருந்து வெங்காயம் உரித்தார்கள். காவல்காரக் கிழவர் ஒருவர் நாயோடு வந்தார். நடுவில் இருந்த அறையைக் கையால் காட்டிக் காட்டிக் குணரத்தினத்தோடு கனநேரம் கதைத்தார். அந்த அறை நிறைய மணல் கொட்டிப் பரவியிருந்தது. "என்ன அண்ணை சொல்லுறார்?" என்று நான் கேட்டேன். "ஒண்டுமில்லை. குப்பை போடாதேங்கோவாம். கிழவன் சும்மா அலட்டுறான்" என்றார். கிழவர் தன் வீட்டுக்கு விருந்துச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் சனத்துக்குப் பாணும் சொசேஜும் தந்து வெளியில் கூட்டிப்போக முடியுமா? சோறு வேண்டும், கறி வேண்டும், அதுவும் அங்கேயே காய்ச்சவேண்டும். கோயில் திருவிழாக்களில் நான்தான் சமைப்பேன் என்பதால் கிடாரம் என் பொறுப்பு. வயலில் அடுப்பு மூட்டினேன். அணைந்தது. மறுபடி மூட்டினேன். மலையிலிருந்து அடித்த காற்று அதையும் ஊதிவிட்டது. குணரத்தினத்துக்குப் பசி வந்துவிட்டது. "உந்த அறைக்குள்ளை வையும். நாலு பக்கமும் சுவர், காத்து அடியாது" என்றார். "கிழவர் உந்த அறையைத்தானே காட்டினவர்?" என்றேன். "நான் சொல்லுறன். வையும்!" என்றார். இடிந்த சுவரிலிருந்து மூன்று கல் பொறுக்கி அந்த மணலில் அடுப்பாக வைத்தேன். ஒரு கல்லில் யாரோ இலையும் கொடியுமாகச் செதுக்கியிருந்தார்கள். எரிந்துபோகும் என்று அந்தப் பக்கத்தை வெளியே பார்க்கத் திருப்பி வைத்தேன். எனக்கு அவ்வளவு புத்தி இருந்தது, பார்.

கறி நல்லாய் வந்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் நெருப்பை அணைக்க ஒரு வாளி தண்ணீரை ஊற்றினேன். மணல் கரைந்து ஒரு பக்கமாக ஓடியது. அடியிலிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. உண்மையாகவே பயந்துபோனேன். இன்னும் தண்ணீர் ஊற்றினேன். செதில், செட்டை, வால் என்று சோளக் கொட்டை அளவு கற்களால் இழைத்த ஒரு பெரிய மீன். நீலமும் பச்சையும், நேற்றுப் பிடித்தது மாதிரி. அதற்குப் பக்கத்தில் அடுப்பு எரிந்த இடம் முழுக்கக் கருகி வெடித்திருந்தது. எண்ணெய் இறங்கி ஊறியிருந்தது. சனம் சோற்றுக் கோப்பையோடு வந்து சுற்றி நின்றது. எங்கள் ஆட்கள் அந்த இடத்துக்கு மீன் வீடு என்று பெயர் வைத்தது அதற்குப் பிறகுதான்.

குணரத்தினம் ஓடிப்போய்ப் பஸ்ஸிலிருந்து பாத்திரம் தேய்க்கிற விம் பேணியும் தும்பும் கொண்டுவந்தார். "முழங்காலிலை இருந்து தேயும். கெதியா! கிழவன் வாறதுக்கு முதல் போயிடும்." நான் இருந்தேன். தேய்த்தேன். கரி போகவில்லை. வெடித்த இடத்தில் கற்கள் தும்போடு கழன்று வந்தன. "அண்ணை, கல்லு வருது" என்றேன். "தேயும்!" என்றார். கிழவர் திரும்பி வந்தபோது மீனின் வால் என் கைக்குள் இருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கத்தினார், நாயும் குரைத்தது. கொஞ்ச நேரத்தில் கராபினியேரிப் பொலிசின் ஜீப் வந்தது. அவர்கள் கண்டதெல்லாம் முழங்காலில் இருந்து ரோம்காரரின் மீனைத் தும்பால் தேய்க்கிற ஒரு கறுத்த மனிதனை.

யார் செய்தது என்று கேட்டார்கள். குணரத்தினம் கையை நீட்டி என்னைக் காட்டினார். அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு அரைவாசிதான் விளங்கியது. பிறகு மொழி படித்தபோது ஒவ்வொரு சொல்லாக வந்து விளங்கியது. இவன் புதிதாக வந்தவன், பட்டிக்காட்டான், வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. அதுதான் அவர் சொன்னது. அப்போது அவருடைய மகள், பதின்மூன்று வயதுப் பிள்ளை, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்து இத்தாலியனில் பட படவென்று எதையோ சொன்னாள். பிறகு எங்கள் எல்லோருக்கும் கேட்கத் தமிழிலும் சொன்னாள். "அப்பா, நீங்கள்தானே மாமாவை அதுக்குள்ளை வைக்கச் சொன்னனீங்கள்? மணலுக்குக் கீழை படம் இருக்கெண்டு நாயோடை வந்த அந்த நொன்னோ உங்களுக்குச் சொன்னவர். நான் பக்கத்திலை நிண்டனான்." குணரத்தினம் அவளுக்கு விட்ட அறையில் தலையிலிருந்த கிளிப் பறந்துபோய் மணலில் விழுந்தது. "சின்னப் பிள்ளை, விளங்காமல் அலட்டுது" என்று கராபினியேரியைப் பார்த்துச் சிரித்தார். பஸ் நிறைய வந்த சனத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அடுத்த கிழமை ஒரு கந்தோர் வேலை இருந்தது, அதற்குக் குணரத்தினம் வேண்டும். என்னுடைய கறியைத்தான் தின்றுகொண்டு நின்றார்கள். அந்த முகங்களில் ஒன்றையும் நான் மறக்கவில்லை. பாதிப் பேர் உன் கலியாணத்துக்கு வருகிறார்கள்.

அந்தப் பிள்ளைதான் வாசுகி. நீ அவளை நல்லூர்த் திருவிழா மாதிரி நாங்கள் இங்கே எடுக்கும் தேர்த் திருவிழாவில் கண்டதாகச் சொன்னாய். நான் அவளைக் கண்டது அங்கே.

என் பெயரில் வழக்கு வந்தது. வழக்கு முடியும்வரை உங்கள் விண்ணப்பத்தை எடுக்க மாட்டார்கள் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்குச் சொல்லப்பட்டது அதுதான். நான் கந்தோருக்குப் போகவேண்டும், எனக்கு மொழி தெரியாது, அப்படியென்றால் யாரைக் கூட்டிக்கொண்டு போவேன்? அவரைத்தான். என்னைக் குழியில் தள்ளியவரிடமே கயிறு கேட்டு நின்றேன். ஒவ்வொருமுறையும் அவருக்குப் பலகாரம் செய்து கொண்டுபோவேன். வரிசையில் நிற்கும்போது, "நான் இல்லாட்டி உம்மை எப்பவோ பிளேன் ஏத்தியிருப்பாங்கள்" என்பார். "ஓம் அண்ணை. பெரிய உதவி அண்ணை" என்பேன். உள்ளே போய் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என் கதையை மட்டும் அவர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார். அந்த "ஓம் அண்ணை" ஒவ்வொன்றையும் நான் எண்ணி வைத்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில்தான் கொழும்பில் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு நடந்தது. லொட்ஜிலிருந்த தமிழ்ப் பொடியன்களை லொறியில் ஏற்றினார்கள். உன்னையும் ஏற்றினார்கள். அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்து அழவில்லை, "இன்னும் எவ்வளவு நாள் எண்டு மட்டும் சொல்லுங்கோ" என்றாள். நான் என்ன சொல்வது? மீனின் வால் கழன்றுவிட்டது என்றா? உன்னை விட்டபோது அடி விழுந்த உன் இடக் காதிலிருந்து சீழ் வடிந்தது என்று பிறகு சொன்னாள். அந்தக் காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பி வரவில்லை. அன்றைக்கு அந்தக் கையெழுத்து விழுந்திருந்தால் நீ அந்த நேரம் ஒரேத்தோவில் நான் வாங்கி வைத்த கட்டிலில் படுத்திருப்பாய். நிச்சயதார்த்தத்தன்று குணரத்தினம் எழுந்து கதைக்கத் தொடங்கியதும் நீ வழக்கம்போல முகத்தைத் திருப்பி வலக் காதைக் கொடுத்தாய். கேட்கிற காதைக் கொடுத்து அவருடைய பகிடியைக் கேட்டுத்தான் நீ சிரித்தாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் எதிரில் இருந்தேன், மகனே.

நான் பிறகு வேலை முடிந்து மாதா கோயில் வகுப்புக்குப் போனேன். சின்னப் பிள்ளைகளோடு இருந்து மொழி படித்தேன். ஒருநாள் குணரத்தினத்தைக் கூப்பிடாமல் தனியாகப் போய் என் வாயால் என் கதையைச் சொன்னேன். பிழை பிழையாகத்தான் சொன்னேன், ஆனாலும் அது என் கதை. அந்தக் காவல்காரக் கிழவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். இவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, நன்றாகக் கதைக்கிற அந்த மீசைக்காரனுக்குத்தான் சொன்னேன் என்று அவர் சொன்னார். என் வழக்கை மூடினார்கள். மீசைக்காரனை யாரும் தேடவில்லை. நீங்கள் வந்து சேர்ந்தீர்கள். விமான நிலையத்தில் நீ என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. "இவ்வளவு நாளும் இஞ்சை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டாய். பேப்பர் சுணங்கிவிட்டது என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அவருடைய சட்டையைப் பிடித்திருப்பாய். எங்கள் சனத்தின் இந்தச் சின்ன வட்டத்துக்குள் நீ படிக்கவேண்டும், வேலை தேடவேண்டும். அதனால் வாயை மூடினேன். அவரோ கோயிலில், கலியாண வீட்டில், செத்த வீட்டில், "இவருக்குப் பேப்பர் எடுத்துக் குடுத்தது நான்தான்" என்று என் தோளில் தட்டிக்கொண்டு திரிந்தார்.

நீயும் வாசுகியும் விரும்பிவிட்டீர்கள் என்று தெரிந்ததும் குணரத்தினம் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தார். அந்தக் காட்சியை நீ பார்த்திருக்கவேண்டும். கதிரையில் சாய்ந்து, காலை நீட்டி, "சரி, பழசெல்லாம் மறப்பம்" என்றார்.

"எதை அண்ணை?" என்றேன்.

"அதுதான், அந்த நேரம் நீர் பட்ட கஷ்டமெல்லாம்."

அவர் பட வைத்தது என்று சொல்லவில்லை. நான் பட்டது. அதுவும் மழையில் நனைந்ததைப் போல, தானாக வந்து என் மேல் விழுந்தது! உன் அம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். அவர் போன பிறகு, "விடுங்கோ, சம்மந்தியாப் போச்சு" என்றாள். அவளுக்கு விட முடிகிறது. அவள் நல்லவள். எனக்கு விட முடியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் நல்லவனாக இருக்க விரும்பவும் இல்லை.

நான் ஏன் இவ்வளவு சுகமாகக் கலியாணத்துக்குச் சம்மதித்தேன் என்று நீ அம்மாவிடம் சந்தேகப்பட்டாயாம். சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாய். அவருடைய வீட்டிலிருந்து அவருடைய கையாலேயே பெண் எடுப்பது எனக்கு இனிக்கிறது. அதை ஒளிக்க மாட்டேன். ஆனால் அவரைப் பழிவாங்க உனக்கு வாசுகியைக் கட்டி வைக்கிறேன் என்று மட்டும் நினைக்காதே. வேறு யாருடைய மகளாக அவள் இருந்திருந்தாலும் நானே போய்க் கேட்டிருப்பேன். பெரியவர்கள் எல்லோரும் சோற்றுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றபோது எனக்காக வாய் திறந்த ஒரே ஆள் அவள். அவள் ஒன்று சொன்னால் கேள். தாலி கட்டிய பிறகு அவளை உன் இடப் பக்கத்துக்கு மாற்றி இருத்துவார்கள். அந்தச் சடங்கு மண்டபத்தோடு முடியட்டும். வீட்டில் அவளை எப்போதும் உன் வலப் பக்கத்தில் இருத்து. அவள் மெதுவாகச் சொன்னாலும் உனக்குக் கேட்கவேண்டும்.

இப்போது கடைசி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வாசுகி தன் காரில் வீட்டுக்கு வந்தாள். "மாமா, என்னை அங்கை கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அடுத்த நாள் நான் பகேரியாவுக்கு ரயில் எடுத்து, அங்கிருந்து நடந்து அந்த இடத்துக்குப் போய் வருகிறேன் என்று உன் அம்மா அவளுக்குச் சொல்லியிருப்பாள். உனக்கு நான் பழைய சிஞ்ஞோராவைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தேன்.

ஐப்பசி மழை. அதே சிவப்புச் சேறு. கிழவர் இன்னும் இருக்கிறார், நாய்தான் வேறு. என்னைக் கண்டால் இப்போது தலையாட்டுவார், வாளியை அவரே கொண்டுவந்து தருவார். மணலை ஒதுக்கித் தண்ணீர் ஊற்றினோம். மீன் வந்தது. கருகிய இடம் அப்படியே இருக்கிறது. வால் இருந்த இடத்தைச் சீமெந்தால் பூசியிருக்கிறார்கள். வேறு ஒரு உல்லாசப் பயணியும் வருவதில்லை, வழிகாட்டிப் பலகைகூடக் கிடையாது. இந்த உலகத்தில் அந்த மீனை மறக்காதவர்கள் நாங்கள் மூன்று பேர்தான் என்று நினைக்கிறேன். நான்காவது ஆளுக்கு அது பகிடி.

வாசுகி குனிந்து கருகிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "மாமா, கால் கழுவிறதை விடுவம் எண்டு உங்கட மகன் சொல்லுறார். என்னைக் கேக்கேல்லை. தானே முடிவெடுத்திட்டார்" என்றாள்.

"நீர் என்ன சொல்லுறீர் பிள்ளை?"

"அப்பாதான் கழுவவேணும். நீங்கள் விட்டாலும் நான் விடமாட்டன். பஸ்தா, அவ்வளவுதான்!" என்றாள். இத்தாலியர் மாதிரிக் கையையும் வெட்டிக் காட்டினாள். "அண்டைக்கு அடிச்சது எப்பவோ மாறிப்போச்சு மாமா. ஆனால் வீட்டுக்கு வந்து, நான் பொய்க்காரி எண்டு எல்லாச் சொந்தக்காரருக்கும் போன் எடுத்துச் சொன்னவர். இண்டைக்கும் நான் என்ன சொன்னாலும், அவள் சின்னனிலேயே பொய் சொல்லுறவள் எண்டு சிரிப்பார். அவர் குனிய வேணும். நான் பாக்க வேணும்."

இவ்வளவு காலமும் இந்தக் கோபம் என்னுடைய தனிச் சொத்து என்று நினைத்திருந்தேன். அவள் அதற்குள் சப்பாத்தைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு சேற்றுக்குள் நின்றாள். தன் காலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "மாமா, இந்த மண் ஒருக்காக் கழுவினால் போகாது" என்றாள். மீதியை நான் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது காருக்குள் இரண்டு பேரும் பைத்தியம் மாதிரிச் சிரித்தோம். இறங்கும்போது காரைப் பூட்டித் திறக்கும் திறப்பின் மற்றப் பிரதியை என் கையில் தந்துவிட்டுப் போனாள்.

ஆகவே நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேள். கலியாணத்தன்று விடிந்ததும் தலைக்கு முழுகு. வேட்டி, சால்வை, தலைப்பாகை எல்லாவற்றையும் அம்மா காருக்குள் வைப்பாள். முதலில் நாங்கள் இரண்டு பேரும் மண்டபத்துக்குப் போகமாட்டோம். உன்னை மீன் வீட்டுக்குக் கூட்டிப்போவேன். தண்ணீர் ஊற்றி அந்த மீனை உனக்குக் காட்டுவேன், கருகிய இடத்தையும் காட்டுவேன். நான் எங்கே முழங்காலில் இருந்தேன் என்று பார். பிறகு ஒலிவ் தோட்டத்துக்குள்ளால் வெறுங்காலோடு நட. சேறு விரல்களுக்கு நடுவில் ஏறட்டும், கணுக்கால்வரை வரட்டும். அப்படியே காரில் ஏறு. இருக்கை அழுக்காகும் என்று யோசிக்காதே, காருக்குச் சொந்தக்காரி சம்மதித்துவிட்டாள். வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் வந்து நில்.

ஐயர் சபையில் கூப்பிட்டதும் குணரத்தினம் செம்போடு குனிவார். ஒரு முறை ஊற்றுவார், போகாது. கையால் தேய்க்கவேண்டி வரும். விரல் விரலாகத் தேய்க்கவேண்டி வரும். நீ இரக்கப்பட்டுக் காலை இழுத்துக்கொள்ளாதே. உனக்கு இளகிய மனம், அம்மாவின் மனம், எனக்குத் தெரியும். அன்றைக்கு ஒருநாள் மட்டும் என் மகனாக நில். நான் உனக்குப் பின்னால் நிற்பேன். வாசுகி மணவறைப் பக்கத்துக் கதவோரம் வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறாள். மணப்பெண் அந்த நேரம் வெளியே வரக்கூடாது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அவர் தேய்த்து முடித்ததும் அவர் விரலில் மோதிரத்தைப் போடு. நல்ல மோதிரமாகத்தான் வாங்கியிருக்கிறேன். சடங்கில் குறை வைக்கிற ஆள் நான் இல்லை.

நடுவில் அவர் தலையை நிமிர்த்தி, "இதென்ன தம்பி, எங்கை மிதிச்சனீர்?" என்று கேட்பார். கேட்காமல் இருக்க மாட்டார். நீ அந்த இடத்தின் பெயரைச் சொல்லு. மணலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு கிழவர் உங்களுக்குச் சொன்ன இடம் என்று சொல்லு. தமிழில் சொல்லாதே, இத்தாலியனில் சொல்லு. கனடாவிலிருந்து வந்திருக்கும் அவருடைய சொந்தக்காரருக்கு அந்த மொழி தெரியாது. "மாப்பிள்ளை என்ன சொல்லுறார்?" என்று அவரைத்தான் கேட்பார்கள். வாசுகியைப் பொய்க்காரி என்று போனில் கேட்டவர்களும் அவர்கள்தான்.

அவர் மொழிபெயர்த்துச் சொல்லட்டும். இந்த முறை சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்க அங்கே நாங்கள் மூன்று பேர் நிற்போம்.

உன்
அப்பா